மலையாள சினிமாவின் தந்தை ஒரு குமரிக்காரர்! யார் இந்த ஜே.சி.டேனியல்?

மலையாளத் திரையுலகில் வாழ்நாள் சாதனைக்காக கேரள அரசு ஒவ்வொரு ஆண்டும் கொடுக்கிற உயரிய விருதுக்குப் பெயர் ஜே.சி.டேனியல் விருது. அந்த டேனியல் வேற யாரும் இல்லை, நம்ம கன்னியாகுமரி மாவட்டம் அகஸ்தீஸ்வரத்துக்காரர். சொத்தை விற்று ஒரே ஒரு கதைப்படம் எடுத்தார், அதோடு எல்லாத்தையும் இழந்தார். அவர் படத்தில் நடிக்க வந்த பெண்ணுக்கு நடந்ததோ அதைவிடக் கொடுமை.

சிலம்பத்தில் தொடங்கிய ஆசை

வசதியான தமிழ் கிறிஸ்தவக் குடும்பம். அப்பா டாக்டர். டேனியலுக்கு உயிர் என்றால் அது சிலம்பமும் களரியும்தான். இளம் வயதிலேயே வாள்வீச்சு பற்றி ஆங்கிலத்தில் ஒரு புத்தகம் எழுதிவிட்டார். இந்தத் தற்காப்புக் கலைகளை ஊர் உலகத்துக்குக் காட்ட சினிமாதான் சரியான வழி என்று அவருக்குத் தோன்றியது.

ஆனால், சினிமா கற்றுக்கொள்ள எங்கே போவது? முதலில் மெட்ராஸ் போனார். ஸ்டூடியோவுக்குள் விடவே இல்லை. அங்கிருந்து பம்பாய் போனவர், தான் ஒரு ஆசிரியர், மாணவர்களுக்குச் சினிமா பற்றிச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று ஒரு கதையைச் சொல்லி உள்ளே நுழைந்துவிட்டார். தொழிலைப் பார்த்துக் கற்றுக்கொண்டு, கருவிகளோடு ஊர் திரும்பினார்.

ஏன் திருவனந்தபுரம்?

அப்போது அகஸ்தீஸ்வரமும் நாகர்கோவிலும் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தன. குமரிக்காரர்களுக்குத் தலைநகரமே திருவனந்தபுரம்தான். டேனியல் கல்லூரியில் படித்ததும் அங்கேதான். 1926-ல் அங்கே 'திருவிதாங்கூர் நேஷனல் பிக்சர்ஸ்' தொடங்கினார். இன்றைய கேரளத்தின் முதல் ஸ்டூடியோ அது. இதற்காகக் குடும்ப நிலத்தை விற்றார். கிடைத்தது சுமார் 4 லட்சம் ரூபாய் என்று சொல்லப்படுகிறது. அந்தக் காலத்தில் அது மலைக்க வைக்கிற தொகை.

எடுத்த படம் 'விகதகுமாரன்', அதாவது தொலைந்துபோன மகன். ஊமைப்படம் என்பதால் தமிழா மலையாளமா என்ற கேள்வியே எழவில்லை. அந்த நாட்களில் பெரும்பாலும் புராணக் கதைகளைத்தான் படமாக்குவார்கள். இவரோ இலங்கைக்குக் கடத்தப்படும் ஒரு பையனின் கதையை, சமூகக் கதையை எடுத்தார். கதை, இயக்கம், ஒளிப்பதிவு, தயாரிப்பு, ஹீரோ என எல்லாமே அவர்தான்.

நடிக்க யார் வருவார்?

சினிமாவே இல்லாத ஊரில் நடிகர்களுக்கு எங்கே போவது? குழந்தை வேடத்துக்குத் தன் மகனையே நிறுத்தினார். வில்லனாக ஜான்சன் என்பவர் நடித்தார். பிற்காலத் தமிழ் நடிகை பி.எஸ்.சரோஜாவின் அப்பா இவர்.

கதாநாயகிதான் பெரிய சிக்கல். பெண் வேடத்தையும் ஆண்களே போட்ட காலம் அது. பம்பாயில் இருந்து அழைத்த நடிகை சரிப்பட்டு வரவில்லை. கடைசியில் கிடைத்தவர் ரோசி. கூலி வேலை பார்த்தபடி காக்காரிசி நாடகங்களில் நடித்துவந்த தலித் பெண். படத்தில் அவருக்குக் கொடுத்த வேடம், நாயர் குடும்பத்துப் பெண் சரோஜினி.

முதல் நாளே கல்வீச்சு

திருவனந்தபுரம் கேபிடல் தியேட்டரில் படம் வெளியானது. ஆண்டு 1928 என்றும் 1930 என்றும் இரண்டு கணக்கு உண்டு. தலித் பெண் ஒருவர் நாயர் பெண்ணாக நடிப்பதா என்று ஆதிக்க சாதியினர் கொதித்தார்கள். திரையின் மேல் கற்கள் பறந்தன. ரோசியின் குடிசைக்குத் தீ வைக்கப்பட்டதாகவும், அவர் ஒரு லாரியில் ஏறி ஊரைவிட்டே தப்பியதாகவும் சொல்லப்படுகிறது. பிறகு ராஜம்மாள் என்ற பெயரோடு நாகர்கோவில் பக்கம் வாழ்ந்து மறைந்தார். அதன்பின் அவர் நடிக்கவே இல்லை.

கடனும் பல் மருத்துவமும்

படம் போட்ட பணத்தை எடுக்கவில்லை. 'அடிதடி முறை' என்று தற்காப்புக் கலை பற்றி ஒரு ஆவணப்படமும் எடுத்தார். ஆனால் கடன் கழுத்தை நெரிக்க, கருவிகளை விற்று ஸ்டூடியோவை மூடினார். பிறகு பல் மருத்துவம் படித்து, பாளையங்கோட்டை, மதுரை, காரைக்குடி, புதுக்கோட்டை என்று ஊர் ஊராகத் தொழில் பார்த்தார். புதுக்கோட்டையில் நடிகர் பி.யு.சின்னப்பாவின் பழக்கம் கிடைத்தது. பழைய ஆசை திரும்ப, மறுபடி சினிமாவுக்காகச் சென்னை போய், சேர்த்த பணத்தையும் இழந்தார்.

எல்லைக்கோடு செய்த வேலை

1956 நவம்பர் 1-ல் கன்னியாகுமரி தமிழ்நாட்டோடு சேர்ந்தது. வயதான காலத்தில் டேனியலுக்கு உதவித்தொகை கேட்டபோது, அவர் தமிழ்நாட்டுக்காரர் என்று சொல்லி கேரளம் மறுத்தது. 1938-ல் வந்த முதல் பேசும் படமான 'பாலன்'தான் மலையாளத்தின் முதல் படம் என்று பலரும் நம்பிய காலம் அது. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த படம் அது. பத்திரிகையாளர் சேலங்காட்டு கோபாலகிருஷ்ணன் விடாமல் எழுதித்தான் டேனியலின் பெயர் வெளியே வந்தது. 1975-ல் டேனியல் காலமானார்.

இப்போது என்ன மிச்சம்?

'விகதகுமாரன்' படச்சுருள் இன்று இல்லை. ஆனால் 1992-ல் கேரள அரசு அவர் பெயரில் விருது தொடங்கியது. 2013-ல் பிரித்விராஜ் நடித்த 'செல்லுலாய்டு' அவர் கதையை மக்களிடம் கொண்டுபோனது. 2023 பிப்ரவரி 10-ல் கூகுள் தன் முகப்பில் ரோசியின் ஓவியத்தை வைத்தது. சென்னையில் அவர் பெயரில் திரைப்பட விழாவும் நடக்கிறது.

அடுத்த முறை டேனியல் விருது பற்றிய செய்தி கண்ணில் பட்டால், அகஸ்தீஸ்வரத்தில் விற்கப்பட்ட நிலத்தையும், நாகர்கோவிலில் ராஜம்மாளாக வாழ்ந்து முடிந்த ரோசியையும் சேர்த்தே நினைத்துக்கொள்ளுங்கள்.