ஸர் வில்லியம் வான் ஹோர்ன்

கனடா நாட்டின் மேல்பாலுள்ள ராக்கி மலைத்தொடரில், பௌ என்னும் ஆறும் ஸ்பிரே என்னும் ஆறும் ஒன்றுகூடும் இடத்திற்கு மேலே, கோட்டையினை ஒத்த பெரியதொரு கன்மாளிகை நிற்கின்றது. பான்ஃப் தேசியப் பூங்காவினைக் காண வருவோர் தங்குதற்குரிய பான்ஃப் ஸ்பிரிங்ஸ் ஹோட்டல் அது. அரசர் எவரும் வாழ்வதற்கு எழுந்ததன்று. இருப்புப்பாதைக் கம்பெனி ஒன்று தன் வண்டிகட்கு ஆள் தேடி அமைத்த விடுதியின் வழித்தோன்றலே அது. அவ்விடுதியை முதற்கண் எடுப்பித்த ஸர் வில்லியம் வான் ஹோர்ன் என்பாரின் வரலாற்றை ஈண்டு யாம் சுருங்க உரைக்கப் புகுகின்றோம்.

வான் ஹோர்ன் 1843-ஆம் ஆண்டில் அமெரிக்க ஐக்கிய நாடுகளுள் ஒன்றாகிய இல்லினாய் நாட்டிற் பிறந்தார். தந்தையார் வழக்கறிஞர், ஜோலியட் நகரத்தின் முதல் மேயராக இருந்தவர். 1854-இல் வாந்திபேதி நோய் அவரைக் கொண்டுபோகவே, குடும்பம் வறுமையில் வீழ்ந்தது. பதினோராண்டு நிரம்பிய சிறுவர் தம்மால் இயன்ற சிறு வேலைகளைச் செய்து தாயார்க்கு உதவினார். கற்களிற் பதிந்த பண்டை உயிர்களின் உருவங்களைத் தேடிச் சேர்ப்பதில் அவர்க்குப் பெருவிருப்பம் உண்டு. நிலநூல் ஒன்றினை வாங்கப் பொருளின்மையால், இரவல் பெற்று, இரவெல்லாம் விழித்திருந்து, படங்களோடு முழுவதும் கையாற் பெயர்த்தெழுதிக்கொண்டார். இத்துணை ஆர்வமுடைய மாணவர் பள்ளியில் நிலைத்தாரல்லர். தலைமையாசிரியரைக் கேலிச்சித்திரமாக வரைந்தமைக்குத் தண்டனையுற்று, பதினான்கு வயதளவில் பள்ளியை நீங்கினார். நம் தோழருள்ளும் இக்கலையில் வல்லார் சிலர் உளர். அவர்கட்கு ஊக்கமூட்டுதல் எம் கருத்தன்று.

பின்னர்த் தந்தி வேலை பயின்று இருப்புப்பாதை நிலையத்தில் அமர்ந்தார். அங்கும் குறும்பு விட்டபாடில்லை. நிலத்திற் கிடந்த இரும்புத் தகட்டொடு மின்கம்பியை இணைத்து, அதனை மிதிப்பார் துள்ளுவதைக் கண்டு மகிழ்ந்திருந்தார். ஒருநாள் மேலதிகாரியே மிதித்துவிட, வேலை போயிற்று. அதன்பின் படிப்படியாக உயர்ந்து, கனடிய பசிபிக் இருப்புப்பாதைக் கம்பெனியாரால் 1882-ஆம் ஆண்டு ஜனவரியில் தலைமை நிருவாகியாக அழைக்கப்பெற்றபோது, அவர்க்கு வயது முப்பத்தெட்டு.

பிரிட்டிஷ் கொலம்பியா 1871-இற் கனடாவொடு சேர்ந்ததே, கடல் முதல் கடல் வரை இருப்புப்பாதை அமைக்கப்படும் என்னும் வாக்கினை நம்பித்தான். அவ்வாக்கு நிறைவேறாமலே பத்தாண்டுகள் கழிந்திருந்தன. வான் ஹோர்ன் வந்த அவ்வாண்டிலேயே புல்வெளியில் ஐந்நூறு மைல் பாதை இடுவதாக உறுதி கூறினார். வெள்ளம் தடுத்தும் நானூறு மைலுக்கு மேல் இட்டார். 1885-இன் இளவேனிலிற் கம்பெனியின் பணப்பெட்டி வெறுமையாயிற்று. அந்நேரத்தில் வடமேற்கில் மேத்தி மக்களும் கிரீ மக்களும் கிளர்ந்தெழவே, அரசாங்கத்தின் படையை முற்றுப்பெறாத பாதையின் வழியே, இடைவெளிகளிற் பனிச்சறுக்கு வண்டிகளின் துணையொடு, விரைந்து கொண்டுசேர்த்தார். பாதையின் பயனை நேரிற் கண்ட அரசாங்கம் பணம் உதவியது. அம்மக்களின் தோல்வி கம்பெனியின் பிழைப்பாக முடிந்தது என்பதை மறைத்தல் ஆகாது. அவ்வாண்டு நவம்பர் 7-ஆம் நாள் கிரேகெல்லாக்கி என்னுமிடத்தில் இறுதி ஆணி அறையப்பெற்றது.

இன்னும் ஒன்று உண்டு. மேலைக்கோடியில், பிரேசர் ஆற்றுப் பள்ளத்தாக்கிற் பாறை பிளந்து வழி செய்தவர் பெரும்பாலும் சீனத் தொழிலாளர். பதினையாயிரவர் அளவில் வந்தனர். அறுநூற்றுவர்க்குக் குறையாமல் மாண்டனர். வேலை முடிந்த 1885-ஆம் ஆண்டிலேயே, கனடாவிற் புதிதாகப் புகும் சீனர்க்குத் தலைக்கு ஐம்பது டாலர் வரி விதிக்கப்பட்டது. அப்பகுதி அரசாங்கத்தின் ஒப்பந்தத்தில் அமைந்தது; வான் ஹோர்ன் ஆட்சிக்கு உட்பட்டதன்று. ஆயினும் அவர்தம் வண்டிகள் ஓடியது அவ்வழியேதான்.

பாதை முடிந்தது, பயணிகளோ சிலரே. மலைப்பகுதியில் நகரமில்லை, சரக்கில்லை, செலவோ மிகுதி. ஏற்றம் கடியதாகலின், கனமான உணவு வண்டியை அங்கு இழுத்துச் செல்லுதலும் வீண்செலவாயிற்று. அதனைத் தவிர்க்க 1886 முதல் ஃபீல்டு முதலிய இடங்களில் வழிநடுவே உண்டிச்சாலைகள் எழுந்தன. சோறிடக் கட்டிய இச்சாலைகளே மலைவிடுதிகட்கெல்லாம் வித்து. மலையின் எழிலை வண்டியிலேற்றி விற்க இயலாதெனின், வாங்குவோரை மலைக்கே கொண்டுவருதல் வேண்டும் என்பது வான் ஹோர்ன் கண்ட கணக்கு.

பான்ஃபில் வெந்நீர் ஊற்றுகள் உள. 1883-இல் இருப்புப்பாதைத் தொழிலாளர் சிலர் அவற்றைக் கண்டுபிடித்தனர் என்று எழுதுவது வழக்கம். நகோடா மக்கள் அவற்றை நெடுங்காலமாக அறிந்திருந்தனர். 1885-இல் ஊற்றைச் சூழ்ந்த நிலம் அரசாங்கத்தால் ஒதுக்கப்பட்டு, 1887-இற் பூங்காவாக விரிந்தது. அதன்பின் நகோடா மக்கள் அங்கு வேட்டையாடுதலினின்றும் விலக்கப்பட்டனர். அப்பூங்காவிலேதான் நியூயார்க்குச் சிற்பி புரூஸ் பிரைஸ் வகுத்த வரைபடத்தின்படி மரத்தாலாகிய விடுதி எழலாயிற்று.

வேலை நடைபெறுங்கால் வான் ஹோர்ன் அங்குச் சென்று பார்த்தார், திகைத்தார். கட்டடம் முன்பின்னாகத் திருப்பிக் கட்டப்பட்டிருந்தது! ஆறுகள் கலக்கும் அரிய காட்சி அடுக்களைக்கு எதிரே; விருந்தினர் அறைகட்கு எதிரே மலைச்சரிவின் மரங்கள். உலகெங்குமிருந்து செல்வரை வருவித்து, அவர்க்கெனக் கருதிய காட்சி முழுவதையும் சமையற்காரர்க்கு வழங்கியதாயிற்று. கடுஞ்சினம் கொண்டார், ஆயினும் இடித்துத் தள்ள ஆணையிட்டாரல்லர். தாள் ஒன்றினை எடுத்து, ஆற்றை நோக்கிய மண்டபம் ஒன்றினைத் தம் கையாலேயே வரைந்து, அதனைக் கட்டுக என்றார். பள்ளியினின்றும் அவரைத் துரத்திய சித்திரத்திறமை இவ்விடத்து அவர்க்குக் கைகொடுத்தது. 1888-ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் விடுதி திறக்கப்பெற்றது. அருகே ஓங்கிநிற்கும் மலைக்கு, 1840-களில் அந்நாட்டில் ஊழியஞ்செய்த மெதடிஸ்து மிஷனரி ரண்டில் என்பாரின் பெயர் வழங்குவதை அறிந்து யாம் மகிழ்ந்தோம்.

அவ்வாண்டே கம்பெனியின் தலைவரான வான் ஹோர்ன் 1899 வரை அப்பதவியில் இருந்தார். 1893-இற் கியூபெக் நகரில் ஷாட்டோ பிரான்டனாக் என்னும் பெருவிடுதியும் அவர் காலத்தில் எழுந்தது. மறு ஆண்டில் ஸர் பட்டம் பெற்றார். ஓய்வு கொள்ளாது கியூபாத் தீவிலும் இருப்புப்பாதை அமைத்தார். இரவில் ஓவியம் தீட்டுவதும், ஜப்பானிய மட்கலங்களைச் சேர்ப்பதும் அவர்தம் பொழுதுபோக்கு. 1915-ஆம் ஆண்டு செப்டம்பர் 11-ஆம் நாள் மாண்ட்ரியலிற் காலமானார். உடல் இளமையிற் கற்கள் பொறுக்கித் திரிந்த ஜோலியட்டிற்கே கொண்டுசெல்லப்பட்டு அடக்கம் செய்யப்பெற்றது.

அவர் கட்டிய மரவிடுதி 1926-இல் தீக்கிரையாயிற்று. இன்றுள்ள கன்மாளிகை 1928-இல் நிறைவெய்தியது. அந்நிறைவினை அவர் கண்டாரல்லர். அதன் முன்றிலில் அவர்தம் சிலை நிற்கின்றது.