கிரிக்கின் விமர்சனமே வழிகாட்டியது... சென்னையில் பிறந்த 'ராமச்சந்திரன் வரைபடம்': யார் இந்த ஜி.என்.ராமச்சந்திரன்?

தூத்துக்குடி மீன் மார்க்கெட்டில் விற்கும் மீனின் தோலுக்கும், நம்ம எலும்புக்கும் பலம் தருவது ஒரே வகைப் புரதம். பெயர் கொலாஜன். அதன் வடிவத்தைக் கண்டுபிடித்தவர் சென்னையில் வேலை பார்த்த ஒரு இயற்பியல் பேராசிரியர்.

இன்ஜினியரிங் டூ இயற்பியல்

1922 அக்டோபர் 8ஆம் தேதி எர்ணாகுளத்தில் பிறந்தவர் ஜி.என்.ராமச்சந்திரன். 1942இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் எலக்ட்ரிக்கல் இன்ஜினியரிங் படிக்கத்தான் சேர்ந்தார். அவரை இயற்பியல் பக்கம் இழுத்தவர் சர் சி.வி.ராமன். கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்றவர், 1952இல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்குத் தலைமையேற்றார்.

மூன்று இழை கயிறு

கயிறு திரிப்பது போல மூன்று இழைகள் முறுக்கிக்கொண்டதுதான் கொலாஜன் என்று 1955இல் கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து 'நேச்சர்' இதழில் எழுதினார். ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசின் என்ற மிகச்சிறிய அமினோ அமிலம் இருக்க வேண்டும். உள்ளே அதற்கு மட்டும்தான் இடம். மரபணு மாற்றத்தால் அந்த ஒரு இடத்தில் வேறொன்று மாறி உட்கார்ந்தாலே, எளிதில் எலும்பு முறியும் நோய் வரலாம்.

விமர்சனமே வழிகாட்டியது

இந்த மாதிரியில் அணுக்கள் ரொம்ப நெருக்கமாக இருப்பதாக டி.என்.ஏ. புகழ் பிரான்சிஸ் கிரிக் தரப்பு விமர்சித்தது. சரி, அணுக்கள் எவ்வளவுதான் நெருங்க முடியும்? ராமச்சந்திரன் அதையே ஆராயத் தொடங்கினார். சி.ராமகிருஷ்ணன், வி.சசிசேகரனுடன் கணக்குப் போட்டு 1963இல் வெளியிட்டதுதான் 'ராமச்சந்திரன் வரைபடம்'.

வரைபடம் என்ன சொல்கிறது?

துறைமுக கிரேன் எல்லை தாண்டினால் லிமிட் ஸ்விட்ச் நிறுத்திவிடும். புரதச் சங்கிலிக்கும் அப்படி எல்லை உண்டு. ஒவ்வொரு கண்ணியும் இரண்டு கோணங்களில் திரும்பும். சில கோணங்களில் அணுக்கள் மோதிக்கொள்ளும். எது சாத்தியம், எது சாத்தியமில்லை என்பதை ஒரே படத்தில் காட்டிவிட்டார்.

இன்னைக்கும் தேவை

1971இல் ஏ.வி.லட்சுமிநாராயணனுடன் அவர் தந்த கணித முறை, சி.டி. ஸ்கேன் படங்களை வேகமாக உருவாக்க உதவியது. 1977இல் லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினரானார். நோபல் மட்டும் கிடைக்கவே இல்லை. கடைசிக் காலத்தில் பார்க்கின்சன் நோயோடு போராடியவர், 2001 ஏப்ரல் 7இல் சென்னையில் காலமானார்.

ஒரு புரதத்தின் வடிவத்தை எக்ஸ்ரே மூலம் கண்டறிந்தாலும் சரி, ஏ.ஐ. கணித்துச் சொன்னாலும் சரி, அது நம்பத்தகுந்ததா என்று பார்க்க விஞ்ஞானிகள் முதலில் திறப்பவற்றில் ஒன்று, சென்னையில் போட்ட அந்தப் படம்தான்.