முத்துலட்சுமி ரெட்டி

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி (ஜூலை 30, 1886 – ஜூலை 22, 1968) மருத்துவர், சமூக சீர்திருத்தவாதி, அடையாறு புற்றுநோய் நிலையத்தின் நிறுவனர். புதுக்கோட்டையில் நாராயணசாமி ஐயர், சந்திரம்மாள் ஆகியோருக்குப் பிறந்தார்.

மருத்துவக் கல்வி

பருவமடைந்ததும் பள்ளிப் படிப்பு நிறுத்தப்பட்டதால் வீட்டிலிருந்தே பயின்று மெட்ரிகுலேஷன் தேர்வில் தேறினார். ஆண்கள் மட்டுமே பயின்ற மன்னர் கல்லூரியில் அவரைச் சேர்க்க எதிர்ப்பு எழுந்தது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அனுமதி வழங்கினார். 1907 இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912 இல் பட்டம் பெற்றார்.

இவரை இந்தியாவின் முதல் பெண் மருத்துவர் எனச் சிலர் எழுதுவது சரியன்று. ஆனந்திபாய் ஜோஷி 1886 இலேயே அமெரிக்காவில் மருத்துவப் பட்டம் பெற்றுவிட்டார். சென்னைக் கல்லூரியிலும் 1875 இல் நான்கு பெண்கள் சேர்க்கப்பட்டனர். அவர்களுள் ஒருவரான மேரி ஷார்லீப் என்னும் ஆங்கிலேயர் 1878 இல் மருத்துவத் தொழில் செய்வதற்கான உரிமச் சான்று பெற்றார். எனினும் அது பட்டத்திற்குக் கீழ்ப்பட்ட தகுதியே. முத்துலட்சுமி பெற்றதோ ஆண்களுக்கு நிகரான மருத்துவ, அறுவை மருத்துவப் பட்டம். பின்னர் எழும்பூர் மகப்பேறு மருத்துவமனையில் பணியாற்றினார். 1914 இல் மருத்துவர் சுந்தர ரெட்டியை மணந்தார்.

பொதுப்பணி

1927 இல் சென்னை சட்ட மேலவையின் துணைத் தலைவரானார். தேவதாசி முறையை ஒழிக்கப் போராடினார். உப்புச் சத்தியாகிரகத்தை ஒட்டி 1930 இல் பதவி விலகினார்.

தங்கை புற்றுநோயால் இறந்ததைக் கண்ட அவர், அந்நோய்க்கெனத் தனி மருத்துவமனை அமைக்கப் பல ஆண்டுகள் முயன்றார். 1952 இல் தென்சென்னை அடையாற்றில் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 இல் 12 படுக்கைகளுடன் நிலையம் தொடங்கியது. இவருடைய மகன் கிருஷ்ணமூர்த்தியும் 1955 இல் இணைந்த வி. சாந்தாவும் அதனை வளர்த்தனர்.

1956 இல் பத்ம பூஷண் விருது பெற்றார்.