மூளையின் காவலரைக் கண்டவர்

மூளைக்கும் தனிக் காவலர் உண்டு என்பதை 1919இல் நிறுவியவர் ஸ்பானிய அறிஞர் பியோ டெல் ரியோ ஓர்த்தேகா. 1882இல் பிறந்த அவர், வெள்ளிக் காபனேற்றுச் சாயத்தின் துணையால் மைக்ரோகிளியா எனும் கலங்களை இனங்கண்டார். கிருமிகளையும் சிதைவுகளையும் விழுங்கி மூளையைக் காப்பவை அவை. மூளைக் கட்டிகளை வகைப்படுத்துவதிலும் அவர் பெரிதும் உழைத்தார்.

1936இல் உள்நாட்டுப் போர் அவரை மாட்ரிட்டிலிருந்து பெயர்த்தது. பாரிஸ், ஒக்ஸ்போர்ட் என அலைந்து, 1945இல் புவனஸ் அயர்ஸில் புற்றுநோயாலேயே மறைந்தார். 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளம், கற்பிட்டிக் கரைகளில் தஞ்சமடைந்த மக்கள் அவ்வலியை அறிவர்.

அவர் கண்ட காவலரையே கிளியோபிளாஸ்டோமா எனும் கொடிய மூளைப் புற்று தன் ஏவலராக்கிக் கொள்வதை இன்று நாம் அறிகிறோம். கட்டியின் இரசாயனச் சைகைகளுக்கு இணங்கும் அக்கலங்கள் அதன் வளர்ச்சிக்குத் துணைபோகின்றன. ஏனைய நோயெதிர்ப்புக் கலங்களையும் முடக்குகின்றன. அவற்றை மீண்டும் காவலுக்குத் திருப்பும் முயற்சிகள் பரிசோதனை நிலையிலேயே உள்ளன. சத்திரசிகிச்சை, கதிர்வீச்சு, டெமோசோலமைட் மருந்து ஆகியவையே இன்றைய வழக்கமான சிகிச்சை.

ஆகவே, நாளுக்கு நாள் மிகும் தலைவலி, காலை வாந்தி, திடீர் வலிப்பு ஆகியவற்றைக் கண்ணூறு என்றெண்ணிக் காலங்கடத்தலாகாது. கரையோரக் கிராமங்களில் வாழும் நாம் உடனே வைத்தியசாலையை நாடுவதே, அவ்வறிஞரின் உழைப்பு நமக்கும் பயன்தரும் வழி.