ஆஸ்லரின் தொப்பி ஊசி

மருந்தின்றி வெற்று ஊசியைத் தசையில் செருகும் ‘உலர் ஊசி’ச் சிகிச்சை புதிதன்று. 1849இல் கனடாவில் பிறந்த மருத்துவ மேதை வில்லியம் ஆஸ்லர் அதை அன்றே கையாண்டார்.

மான்ட்ரியலில் பணியாற்றியபோது, சர்க்கரை ஆலை அதிபர் ரெட்பாத்தின் தீரா இடுப்புவலிக்கு ஊசிகளைச் செருகினார். ஒவ்வொரு குத்துக்கும் பெரியவர் வசைமாரி பொழிந்தாராம். வலி சற்றும் குறையாமல் நொண்டியபடியே திரும்பினார். அவர் குணமடைந்தால் மெக்கில் பல்கலைக்கழகத்துக்குப் பெருங்கொடை வாய்க்குமென்று ஆஸ்லர் கணக்கிட்டிருந்தார். (கல்லூரி நிதிநிலை அறிந்த எனக்கு அக்கணக்கு நன்கு புரிகிறது.)

ஒரு தோல்விக்காக அவர் ஊசியைக் கைவிடவில்லை. 1892இல் வெளியான தம் மருத்துவப் பாடநூலில், திடீர் இடுப்புப் பிடிப்புக்கு அதுவே மிகுந்த பயன் தருவது என்றெழுதினார். 3, 4 அங்குல ஊசி வேண்டும். பெண்கள் தொப்பியில் செருகும் ஊசியும் போதும், கிருமி நீக்கியிருந்தால். வலியுள்ள தசையில் செருகி, 5 முதல் 10 நிமிடங்களில் எடுத்துவிட வேண்டும்.

வலியைத் தணிப்பதில் மருந்தைவிட ஊசிக்கே பங்கு அதிகம் என்று பிராகு மருத்துவர் காரெல் லெவிட் 1979இல் எழுதியபோது, ஆஸ்லர் மறைந்து ஏறத்தாழ 60 ஆண்டுகள் ஆகியிருந்தன.