யோகான் பிலிப் பப்ரிசியஸ்

யோகான் பிலிப் பப்ரிசியஸ் (ஜனவரி 22, 1711 – ஜனவரி 23, 1791) ஜெர்மனியில் பிறந்து சென்னையில் வாழ்ந்த லூத்தரன் மறைப்பணியாளர். தமிழ் – ஆங்கில அகராதி, விவிலிய மொழிபெயர்ப்பு ஆகியவற்றுக்காக அறியப்படுபவர்.

வாழ்க்கை

ஜெர்மனியின் கிளீபெர்க் என்னும் ஊரில் பிறந்தார். சட்டம் பயின்றபின் ஹாலே நகரில் இறையியல் கற்றார். 1740இல் தரங்கம்பாடிக்கு வந்து தமிழ் கற்கத் தொடங்கினார். 1742இல் சென்னைக்கு அனுப்பப்பட்டார். 1746இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றியதால், எண்ணூருக்கு வடக்கே டச்சுக்காரர் வசமிருந்த பழவேற்காட்டில் தஞ்சமடைந்தார். 1749இல் நகரம் ஆங்கிலேயரிடம் திரும்பியபின் வேப்பேரியில் பணியைத் தொடர்ந்தார்.

தமிழ்ப்பணி

1761இல் ஆங்கிலேயர் புதுச்சேரியிலிருந்து கொண்டுவந்த அச்சு இயந்திரம் வேப்பேரி மறைப்பணியாளரிடம் ஒப்படைக்கப்பட்டது. ஐரோப்பியர் தமிழ் கற்பதற்கான இவரது இலக்கண நூல் 1778இல் வெளிவந்தது. பிரைட்ஹாப்ட் என்பவருடன் சேர்ந்து தொகுத்த அகராதி 1779இல் வேப்பேரியில் அச்சாயிற்று. இது ஏறத்தாழ 9,000 சொற்களைக் கொண்டது. அக்கால ஐரோப்பியர் தமிழை மலபார் மொழி என்று அழைத்தமையால், நூலின் பெயரிலும் அச்சொல்லே இடம்பெற்றது. முந்தைய மறைப்பணியாளர்கள் திரட்டிய சொற்தொகுப்புகளும் இதற்கு உதவின. தமிழறிந்தோர் துணையுடன் விவிலியத்தைத் தமிழில் பெயர்த்தார். ஜெர்மானிய ஞானப்பாடல்கள் பலவற்றையும் தமிழாக்கினார்.

இறுதிக்காலம்

பிறருக்குக் கடனாகக் கொடுத்த பணம் திரும்பாததால் முதுமையில் கடனாளியாகிச் சிறை சென்றார். 1788இல் ஓய்வுபெற்று, 1791இல் சென்னையில் காலமானார். இவரது அகராதியை அடிப்படையாகக் கொண்டு விரிவாக்கப்பட்ட பதிப்பு 1897இல் தரங்கம்பாடியில் வெளிவந்தது. கடனில் முடிந்த அவர் வாழ்வுக்குப் பின்னும், அவர் தொகுத்த சொற்கள் தமிழ் கற்போருக்குப் பயன்பட்டன.