காப்பப்ளாங்கா

சதுரங்கப் பலகையிற் கட்டங்கள் 64 மட்டுமே உள. ஆயினும் அவற்றுள் அடங்கிய வழிகளை எண்ணி முடித்தோர் ஒருவரும் இலர். அப்பலகையைத் தம் தாய்மொழிபோல் அறிந்திருந்த ஒருவருடைய வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

ஹோசே ரவுல் காப்பப்ளாங்கா 1888-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 19-ஆம் நாள் கியூபாத் தீவின் தலைநகராகிய ஹவானாவிற் பிறந்தார். தந்தையார் ஆடுவதை அருகிருந்து நோக்கியே நான்கு வயதில் ஆட்டத்தைக் கற்றார். தந்தையார் குதிரையை முறைதவறி நகர்த்தியதைச் சுட்டிக்காட்டி, உடனே அவரையும் வென்றார் என்பர்.

கல்வியின்பொருட்டு நியூயார்க் நகரம் புகுந்தவர், கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் இரசாயனப் பொறியியல் பயிலத் தொடங்கினார். உள்ளமோ மன்ஹாட்டன் சதுரங்கக் கழகத்திலேயே தங்கிற்று. நீண்டு ஆராய அவகாசமில்லாத விரைவாட்டத்தில் அவருக்கு நிகர் அரியர். 1906-ஆம் ஆண்டு நிகழ்ந்த விரைவாட்டப் போட்டி ஒன்றில், உலக வீரராக விளங்கிய லாஸ்கரையும் பின்தள்ளி, அவ்விளைஞர் முதலிடம் பெற்றார். பிறர் தேடிக் காணும் நகர்வை அவர் பார்த்தமாத்திரத்திற் கண்டார்.

1921-இல் ஹவானாவில் அதே லாஸ்கரோடு பொருது, 4 ஆட்டங்களை வென்று, 10 ஆட்டங்களைச் சமனாக்கி, ஒன்றேனும் தோலாது உலகப் பட்டம் எய்தினார். 1916 முதல் 1924 வரை போட்டிகளில் அவர் தோல்வியே கண்டிலர்.

ஆயினும் இயற்கை தந்த வரமே அவரை அயரச் செய்தது. 1927-இல் போனஸ் ஐரிஸ் நகரில் எதிர்த்த அலெகைன், காப்பப்ளாங்காவின் ஆட்டங்களை நுணுகி ஆராய்ந்து வந்திருந்தார். 34 ஆட்டங்களில் அலெகைன் 6-உம் காப்பப்ளாங்கா 3-உம் வென்றனர், பட்டம் கைமாறிற்று. பட்டத்துக்குப் போட்டியிட விழைவோர் 10,000 டாலர் திரட்டவேண்டுமென 1922-இல் விதி வகுத்தவர் காப்பப்ளாங்காவே. அவ்விதியையே அலெகைன் வற்புறுத்தியதால், மறுபோட்டி இறுதிவரை நிகழவில்லை. தாம் கட்டிய மதில் தமக்கே தடையாயிற்று.

எனினும் அவர் சோர்ந்திலர். 1936-இல் நாட்டிங்காமில் போட்வின்னிக்கோடு முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டதுடன், அலெகைனையும் ஓர் ஆட்டத்தில் வென்றார். 1942 மார்ச் 7-ஆம் நாள் மாலை, இளமையில் தம்மை வளர்த்த அக்கழகத்திலேயே மயங்கி வீழ்ந்தார். மறுநாள், லாஸ்கர் சென்ற ஆண்டு உயிர்நீத்த அதே மருத்துவமனையில் மறைந்தார்.

விரைந்து விளங்கும் அறிவு பெறற்கரிய பேறே. ஆனால் அப்பேறுடையார்க்கும் உழைப்பு வேண்டும் என்பதைத் தேர்வை எதிர்நோக்கும் நாம் மறவாதிருப்போமாக.